எல்லா பசங்களும் 5/5 போடுறாங்க, உண்மையான ஃபீட்பேக் வாங்க என்ன பண்ணலாம்?

இசிஇ_மேடம்:
வணக்கம், அண்ணா யுனிவர்சிட்டி கீழ வர்ற ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டன்ட் ப்ரொபசரா இருக்கேன், இந்த வருஷம் டிபார்ட்மென்ட் ஃபீட்பேக் வேலை என்கிட்ட வந்திருக்கு. செமஸ்டர் கடைசில கூகுள் ஃபார்ம் அனுப்புவோம், பசங்க லேப்ல உக்காந்து வரிசையா 5, 5, 5னு தட்டிட்டு கமெண்ட்ல "குட்", "நைஸ்"னு போட்டுட்டு எழுந்து போயிடுறாங்க. அதே பசங்க கேன்டீன்ல பேசுறது காதுல விழுது, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் ஒண்ணும் புரியல, லேப்ல பாதி சிஆர்ஓ (சிக்னல திரைல காட்டுற கருவி) வேலை செய்யல, ஹாஸ்டல்ல காலைல தண்ணி இல்லனு அவ்ளோ இருக்கு. அந்த பேச்சு ஃபார்முக்குள்ள வர என்ன பண்ணணும்? பசங்களுக்கு அக்கறை இல்லனு மட்டும் சொல்லாதீங்க, நான் அத நம்பல.

ஃபைனல்இயர்_மெக்:
மேடம், பயம்தான், வேற ஒண்ணுமில்ல. யுனிவர்சிட்டியோட 2017 ரெகுலேஷன்ல (விதிமுறை) தியரிக்கு இன்டர்னல், அதாவது காலேஜே போடுற மார்க், நூத்துக்கு 20 தான், 2021 ரெகுலேஷன்ல அது 40 ஆயிடுச்சு. அந்த 40 யார் கைல இருக்கோ அவங்கள பத்தி எழுத சொல்றீங்க, அதுவும் இன்டர்னல் மார்க் போய் சேர்றதுக்கு முன்னாடி. எங்க காலேஜ் ஃபார்ம்ல மொத கேள்வியே ரெஜிஸ்டர் நம்பர். கிளாஸ் அட்வைசர் வேற பின்னாடி நின்னு "நாக் டீம் வருது, பார்த்து போடுங்கப்பா"ன்னு சொல்லிட்டே நடப்பாரு (நாக்னா காலேஜுக்கு கிரேடு குடுக்குற அமைப்பு), ஃபீட்பேக் போட்டாதான் ஹால் டிக்கெட்னு வேற சொல்லுவாங்க. இதுல எவன் உண்மைய எழுதுவான்? இன்னொண்ணு, கடைசில எழுதி எங்களுக்கு என்ன ஆகப்போகுது, பலன் அடுத்த பேட்சுக்குதான். மொத இன்டர்னல் முடிஞ்ச உடனே கேளுங்க, அப்போ அந்த சார் மாத்திக்க டைம் இருக்கும், நாங்களும் மனசு வச்சு எழுதுவோம்.

சிஎஸ்சி_ஸ்டாஃப்:
தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. மேடம், ஃபார்ம் செட்டிங்ஸ்ல ஈமெயில் கலெக்ட் பண்ற ஆப்ஷன் ஆன்ல இருக்கானு மொதல்ல பாருங்க, காலேஜ் ஐடில ஃபார்ம் போட்டா நிறைய பேர் அத கவனிக்காம விட்டுடுறாங்க. ஒரு ஆளுக்கு ஒரு ரெஸ்பான்ஸ்னு வச்சா லாகின் கேக்கும், ஆனா ஈமெயில் கலெக்ட் ஆஃப்ல இருந்தா யார் போட்டாங்கனு நமக்கு தெரியாது. பசங்க அத நம்பணுமே, அதனால ப்ரொஜெக்டர்ல அந்த செட்டிங்க திறந்து காட்டிட்டு அப்புறம் லிங்க் அனுப்புங்க. கேள்வியையும் மாத்துங்க. "ஆசிரியர் நன்கு பாடம் நடத்துகிறாரா"ன்னா 5 தான் விழும், "எந்த யூனிட்ட திரும்ப நடத்தணும்", "லேப்ல எந்த டேபிள்ல எது ஓடல"ன்னு கேட்டா ஆள பத்தி பேசாமயே விஷயம் வந்துடும். நாக்கோட ஸ்டூடண்ட் சாட்டிஸ்ஃபேக்ஷன் சர்வேலயே 20 கேள்வி டிக் பண்றது, 21வதுதான் பசங்க சொந்தமா எழுதுற இடம், என்ன கேட்டா அந்த ஒண்ணுலதான் உபயோகம் இருக்கு.

ரிட்டயர்டு_எச்ஓடி:
அம்மா, ஃபார்ம விடுங்க, கிளாஸ் கமிட்டி மீட்டிங், அதாவது ஸ்டாஃபும் பசங்க ரெப்பும் உக்காந்து பேசுறது, ரெகுலேஷன்லயே இருக்கு. அந்த கிளாசுக்கு பாடம் எடுக்காத ஒருத்தர்தான் சேர்பர்சனா இருக்கணும்னு விதி, பசங்க வாய் திறக்கணும்னுதான் அப்படி வச்சிருக்காங்க. பல காலேஜ்ல மினிட்ஸ்ல கையெழுத்து வாங்குறதோட முடிச்சுடுறாங்க, எனக்கு அதுல தீராத வருத்தம். ரெப்னு டாப்பர்ஸ மட்டும் கூப்பிடாதீங்க, அரியர் வச்சிருக்கவன், ஹாஸ்டல் பொண்ணு, தினமும் ரெண்டு பஸ் மாறி வர்றவன் எல்லாரும் இருக்கணும். வர்ற ஃபீட்பேக்க ஸ்டாஃபோட இன்கிரிமென்ட்ல கொண்டுபோய் கட்டாதீங்க, கட்டுனா ஸ்டாஃபே பசங்ககிட்ட 5 கேட்டு நிப்பாங்க, ஸ்ட்ரிக்டா இருக்கவங்கதான் அடி வாங்குவாங்க. அப்புறம் மிரட்டல், தொந்தரவு மாதிரி விஷயம் வந்தா அது ஃபீட்பேக் இல்லம்மா, புகார். யுஜிசி 2023 விதிப்படி ஸ்டூடண்ட் க்ரீவன்ஸ் கமிட்டிக்கு அனுப்புங்க, 15 வேலை நாளுக்குள்ள அவங்க ரிப்போர்ட் குடுத்தாகணும்.

பழைய_சிஆர்:
நான் படிச்சது ஆர்ட்ஸ் காலேஜ். எங்க பிளாக் மூணாவது மாடில மத்தியானத்துக்கு மேல பாத்ரூம்ல தண்ணி வராது, பொண்ணுங்க வீட்டுக்கு போற வரைக்கும் தண்ணி குடிக்காமயே இருப்பாங்க, ஃபீட்பேக்ல எழுதி எழுதி வெறுத்துட்டோம். புதுசா வந்த மேடம் ஒருத்தங்க மோட்டார் போடுற டைம மாத்த வச்சு, நோட்டீஸ் போர்டுல "நீங்க சொன்னது இது, செஞ்சது இது, ஃபேன் மாத்த இப்போ பணம் இல்ல, ஜூன்ல பாக்குறோம்"னு ஒட்டுனாங்க. முடியாதுங்கிறதையும் எழுதுனாங்க பாருங்க, அதுலதான் எங்களுக்கு நம்பிக்கையே வந்துச்சு. அடுத்த தடவை பசங்க பக்கம் பக்கமா எழுதுனாங்க.

இசிஇ_மேடம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மொத இன்டர்னல் முடிஞ்ச உடனே ரெஜிஸ்டர் நம்பர் இல்லாம கேக்க எச்ஓடிகிட்ட பேசுறேன், போர்டுல ஒட்டவும் பர்மிஷன் கேக்குறேன். ஒரு சந்தேகம், எலெக்டிவ்ல (பசங்களே தேர்ந்தெடுக்குற பாடம்) எட்டே பேர் இருக்காங்க, பேர் இல்லனாலும் எழுதுற விதத்துலயே யாருன்னு கண்டுபிடிச்சுடுவாங்களே?

சிஎஸ்சி_ஸ்டாஃப்:
அந்த மாதிரி சின்ன கிளாஸ் ரெண்டு மூணு இருந்தா ஒண்ணா சேர்த்துடுங்க. பசங்க எழுதுனத அப்படியே ஸ்டாஃப் கைல குடுக்காம, நீங்க படிச்சு உங்க வார்த்தைல எழுதிக் குடுங்க, அதுவும் அந்த மொத இன்டர்னல் மார்க் லாக் ஆன பிறகு.