பார்வதி கிருஷ்ணன்: ஆலைவாயிலில் பார்த்த நாடாளுமன்ற உறுப்பினர்

1977 மார்ச் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையின் வாயிலில், கம்யூனிஸ்ட் வேட்பாளரான பார்வதி கிருஷ்ணன் அவர்களை முதன்முறையாகப் பார்த்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. பதிலித் தொழிலாளியான என் தந்தை அன்று வேலை கிடைக்குமா என்று வாயிலில் காத்து நின்றார். கிடைத்தால் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா தூக்குப்போசியில் சோறு கட்டி அனுப்பியிருந்தார். ஷிப்டு மாறும் சங்கு ஊதியதும், புருவத்தில் பஞ்சு ஒட்டியபடி வெளியே வந்தவர்களும் உள்ளே போகக் காத்திருந்தவர்களும் ஒன்றாகக் கூடிய அந்தச் சில நிமிடங்களுக்குள் வாயிற்கூட்டம் நடந்து முடிந்தது. பருத்திச் சேலை உடுத்தியிருந்த அவர் உரக்கப் பேசவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவில் இருக்கிறது.

வீடு திரும்பும் வழியில்தான் அவர் யாருடைய மகள் என்பதை அப்பா சொன்னார். திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்தவர். தாயார் ராதாபாய் சுப்பராயன் 1938இல் மத்திய சட்டமன்றத்தின் மேலவையான மாநிலங்கள் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி. அண்ணன்களில் ஒருவர் ஜெனரல் குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பியவர், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, கட்சித் தலைவர்களில் ஒருவரான என். கே. கிருஷ்ணனை மணந்து, தொழிற்சங்கப் பணியைத் தம் வாழ்க்கையாக்கிக்கொண்டார் என்பதை அந்த வயதில் என்னால் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இன்று எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவர் நின்ற தொகுதிதான். தந்தை 1962இல் மக்களவைக்குச் சென்றது குடும்பத்தின் சொந்த மண்ணான திருச்செங்கோட்டிலிருந்து. மகள் அந்த மண்ணில் வாக்குக் கேட்கவில்லை. சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டதை இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரும் கோவையில் அவர் நின்றார். 1957இல் சென்னை மாநிலத்திலிருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்த மக்களவை இடங்கள் இரண்டே: மதுரையில் கே. டி. கே. தங்கமணி, கோவையில் பார்வதி கிருஷ்ணன். அந்த வெற்றியைத் தந்தது ஆலைத் தொழிலாளரின் வாக்கு; ஜமீன் பெயருக்கு அங்கே மதிப்பு எதுவும் இருந்திருக்காது.

ஆயினும் அந்த 1977 மாலையில் அவரை எல்லோரும் ஒருமனதாக வரவேற்றார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. நெருக்கடி நிலையின்போது குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. அந்த நெருக்கடி நிலையை அவருடைய கட்சி ஆதரித்தது. போனஸ் குறைப்பை அக்கட்சியின் தொழிற்சங்கம் எதிர்த்தது என்றாலும், வாயிலில் நின்றவர்களிடையே அந்த வருத்தம் ஆறவில்லை; அப்பாவும் அவருடைய நண்பரும் அன்றிரவு நெடுநேரம் வாதிட்டார்கள். கட்சி எடுத்த நிலை தவறு என்றே நான் இன்றும் கருதுகிறேன், பிறகு கட்சியே அதை ஒப்புக்கொண்டது. அப்பா அவருக்குத்தான் வாக்களித்தார், அவர் வெற்றியும் பெற்றார்.

*

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பார்வதி கிருஷ்ணன் அவர்களை நான் பார்த்தது கோவையில் நடந்த ஒரு மே தினக் கூட்டத்தில், தொலைவிலிருந்துதான். ஆனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் அதற்கு வெகு காலம் முன்பே பேசப்பட்டு வந்தது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தபால் தந்தி ஊழியரான என் மூத்த அண்ணனும் அதில் கலந்துகொண்டார். அப்போது தபால் தந்தித் துறையை உள்ளடக்கிய போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர் டாக்டர் சுப்பராயன். அவருடைய மகள் மக்களவையில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தார். தகப்பனும் மகளும் வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எங்கள் அம்மா திரும்பத் திரும்பக் கேட்பார். யாரிடமும் விடை இருந்ததில்லை. தந்தை காங்கிரஸ் அரசின் அமைச்சராக இருந்த ஆண்டுகளில், மகள் கட்சி மாறுவது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பதை நினைக்கையில், அவர்மேல் எனக்கிருந்த மரியாதை கூடுகிறது.

*

நான் சொல்ல நினைப்பது 1973ஆம் ஆண்டைப் பற்றியது. பார்வதி கிருஷ்ணனின் அண்ணன் மோகன் குமாரமங்கலமும் ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட்; பிறகு காங்கிரசில் சேர்ந்து, 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி, எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையான 1973 மே மாதத்தின் கடைசி நாளில், சென்னையிலிருந்து தில்லி சென்ற விமானம் பாலம் நிலையத்தை நெருங்குகையில் விழுந்து 48 பேர் இறந்தனர். அவர்களில் மோகனும் ஒருவர். கோவையின் அன்றைய மக்களவை உறுப்பினரும் கம்யூனிஸ்ட் தலைவருமான கே. பாலதண்டாயுதமும் அதே விமானத்தில் இறந்தார்.

பாலதண்டாயுதத்தின் மறைவால் காலியான அந்த இடத்துக்கு 1974இல் இடைத்தேர்தல் நடந்தது. அதில் நின்று வென்றவர் பார்வதி கிருஷ்ணன். உடன்பிறந்தவரையும் தோழரையும் ஒரே விபத்தில் இழந்த ஒருவர், அந்தத் தோழரின் இடத்துக்காக வீதி வீதியாக வாக்குக் கேட்டார். எங்கள் தெருவுக்கு அவர் வந்த அன்று என் பாட்டி வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தார்; பார்வதியின் கைகளைப் பிடித்துக்கொண்டாரே தவிர, பாட்டியால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. நான் கதவருகில் நின்றிருந்தேன்.

2014 பிப்ரவரி 20 அன்று, தம் 94ஆம் வயதில், பார்வதி கிருஷ்ணன் கோவையில் காலமானார்.