எட்டாயிரம் ரூபாய் செயின்சாவா, விலைகூடிய செயின்சாவா? மரம் வெட்டுகிறவர்கள் பதில் சொல்லவும்

திற்பரப்பான்:
நான்கு ஆண்டுகளாக மரம் வெட்டும் ஒரு மூப்பரிடம் வடம் பிடிக்கிறேன். அவர் மேலே ஏறிக் கொப்பு கழிப்பார். நான் கீழே நின்று வடத்தை மரத்தின் மூட்டில் (அடிமரத்தில்) இரண்டு சுற்றுச் சுற்றி, கொப்பு ஓட்டின்மேல் விழாமல் மெல்ல இறக்குவேன். இப்போது அவருக்கு முழங்கால் போய்விட்டது. இனி நீயே எடுத்துச் செய் என்கிறார். கையில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் எஞ்சின் அளவு 58 சி.சி. என்று எழுதி 22 அங்குல பார் (செயின் ஓடும் தகடு) போட்ட செயின்சாவை எட்டாயிரத்துக்குச் சொல்கிறார்கள். அதே கடையில் ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 180 விலை இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது 32 சி.சி.கூட இல்லை. பெரியது மலிவு, சிறியது விலை கூடுதல். இது என்ன கணக்கு? என் வேலை வீட்டோரத்துப் பலா, அயனி, புளி. அவ்வப்போது ரப்பர் விளை (தோட்டம்).

பட்டறை:
தம்பி, சி.சி. என்பது பெட்டியின்மேல் எழுதும் எண். 58 என்று எழுதிய எஞ்சினைப் பிரித்து அளந்தால் 54 சொச்சம் வருவதும் உண்டு. அதன் தலையில் 22 அங்குல பாரை மாட்டிவிட்டால் அயனி மூட்டில் பாதி இறங்கியதும் திணறும். எம்.எஸ். 180 சிறியதுதான். பாரும் செயினும் இல்லாமல் ஏறத்தாழ நான்கு கிலோ. கொப்பு கழிக்க, நடுத்தர மரம் அறுக்க அது போதும். பெரிய புளி வந்தால் 70 சி.சி. வாளை நாள்வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒரு மரத்துக்காக ஏழு கிலோ இரும்பைத் தினமும் சுமக்காதே.

எந்த வாளானாலும் பெட்ரோலில் கவனம் வை. இப்போது பெட்ரோல் பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்த கலவையை டாங்கில் விட்டுவிட்டு ஒரு மாதம் பரணில் போட்டால் கார்பரேட்டரின் ரப்பர்த் தகடு விறைத்துவிடும். என் பட்டறைக்கு வரும் வாள்களில் பாதிக்கு இதுதான் நோய். வேலை முடிந்தால் டாங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடு. நல்ல டூ ஸ்ட்ரோக் எண்ணெயானால் லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண எண்ணெயானால் 40. கண் அளவு வேண்டாம், அளவுக்குப்பி வாங்கு.

அயனிமூடு:
மெக்கானிக்குக்கு எஞ்சின்தான் தெய்வம். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வெட்டுகிறேன். மரத்தை அறுப்பது எஞ்சின் இல்லை, செயினின் பல். மழுங்கிய பல்லோடு ஒரு லட்ச ரூபாய் வாளைக் கொடுத்தாலும் அது மாவு அரைக்கும். கூர்மையான பல்லோடு எட்டாயிரம் ரூபாய் வாள் தானே மரத்துக்குள் இறங்கும், நீ அழுத்தவே வேண்டாம். வெளியே வருவதைப் பார். தவிடு மாதிரி தூள் வந்தால் செயின் செத்துவிட்டது. தேங்காய்ப் பூ மாதிரி சுருள் சுருளாகச் சிதறினால் உயிரோடிருக்கிறது.

ரப்பரில் இது இன்னும் முக்கியம். பால்வெட்டிய பட்டையில் சிரட்டை தாங்கின கம்பி உள்ளே புதைந்திருக்கும். வெளியே ஒரு சிறு தழும்புதான் தெரியும். ஒரே ஒரு கம்பி போதும், ஒரு பக்கத்துப் பற்கள் அத்தனையும் முனை போய்விடும். பிறகு வாள் நேராகப் போகாது, பிறைநிலா மாதிரி வளைந்து அறுக்கும். அதற்காகத்தான் சொல்கிறேன், மலிவு வாள் இரண்டு வாங்கு. ஒன்று படுத்தால் மற்றொன்று. மிச்சப் பணத்துக்கு ஐந்து செயின்.

மூன்றேக்கர்:
நான் வெட்டுகிறவன் இல்லை, வெட்டுக்கூலி கொடுக்கிறவன். இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு ஆண்டுக்கு முன் மாசியில், இலை உதிர்ந்து பால்வெட்டு நின்ற சமயம், பழைய ரப்பரை முறிக்க ஒருவரை விட்டேன். இப்படித்தான் இரண்டு மலிவு வாளோடு வந்தார். முதல் நாள் ஒன்று நின்றது, மூன்றாம் நாள் மற்றது. பாதி மரம் தரையில், பாதி மரம் நிற்கிறது. உதிரிப் பாகம் வருகிறது வருகிறது என்று பத்து நாள் ஓட்டினார். ரப்பர்த் தடி தேக்கு இல்லை, காத்திருக்காது. வெட்டிய கையோடு அறுத்து மருந்தில் போடாவிட்டால் நீலம் பாயும், வண்டு துளைக்கும். வியாபாரி வந்து முனையைப் பார்த்தார், விறகு விலை சொன்னார். இந்த நஷ்டத்தை எந்த எட்டாயிரத்தில் கழிப்பது?

அயனிமூடு:
அது வாளின் குற்றம் இல்லை. அந்த ஆள் ரப்பர் பாலை மண்ணெண்ணெயில் கழுவாமல் ஓட்டியிருப்பார். பச்சைப் பால் செயினிலும் அதைச் சுழற்றும் பல்சக்கரத்திலும் பிடித்து ஒட்டுப்பால் மாதிரி உறைந்துவிடும். சாயங்காலம் செயினைக் கழற்றி ஊறப்போட்டு, பாரின் வரிப்பள்ளத்தைக் கம்பியால் கீறி எடுத்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு ஓரமும் ஒரேபோலத் தேயும். கால் மணி நேர வேலை. செயினுக்கு நான் லாரிப் பட்டறையில் வடித்த பழைய எண்ணெய்தான் விடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டாக ஒன்றும் ஆகவில்லை.

பட்டறை:
ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்கு. ஆயில் பம்பைக் கேளுங்கள் அண்ணாச்சி. கழிவெண்ணெயில் எஞ்சின் தேய்ந்த இரும்புத்துகள் மிதக்கிறது. அதையே பம்புக்கும் பாருக்கும் ஊற்றிவிட்டு, மலிவு வாள் சீக்கிரம் போகிறது என்றால் எப்படி? அதுவும் நாள் முழுக்க உங்கள் கையிலும் சட்டையிலும் தெறிப்பது அதுதான். வழி எளிது. வெட்டிய மூட்டின் வெளிர் முகத்துக்கு நேரே பார் முனையைத் தொடாமல் பிடித்து வேகம் கொடுங்கள். மெல்லிய எண்ணெய்க்கோடு விழ வேண்டும். விழாவிட்டால் துளை அடைத்திருக்கிறது.

பல்லைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுதும் ஒப்புக்கொள்கிறேன். இன்று எல்லாச் செயினிலும் இருக்கிற வளைந்த பல் ஒரு புழுவைப் பார்த்து வந்தது. 1946இல் அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, வண்டின் புழு ஒன்று இரு தாடையாலும் இடமும் வலமுமாக அரித்துக்கொண்டு போவதைக் கண்டார். மறு ஆண்டு அதே மாதிரி பல் வைத்துச் செயின் செய்து விற்கத் தொடங்கினார். ஆனால் அரம் போடும்போது பல்லை மட்டும் தேய்த்தால் போதாது. முன்னால் இருக்கும் சிறு மேடு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல்லைத் தேய்க்கத் தேய்க்க இந்த இடைவெளி குறையும். அப்புறம் பல் கூராக இருந்தும் மரத்தைக் கடிக்காது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆத்திரத்தில் மேட்டை அதிகம் தேய்த்தால் வாள் உதைக்கும்.

மூன்றேக்கர்:
பேட்டரி வாள் என்று ஒன்று வந்திருக்கிறதே?

பட்டறை:
சிறு கொப்புக்கு நன்றாக இருக்கும். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு விளையில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்?

தளைநார்:
எந்த வாள் என்று இவ்வளவு நேரம் பேசினீர்கள். அதை எங்கே வைத்து அறுக்கப் போகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டோரத்துப் பலா, அயனி என்கிறான். அப்படியானால் மரத்தின்மேல்.

2017 நவம்பர் 30, ஒக்கி அடித்த நாள். அதற்கு அடுத்த வாரம் எங்களுக்கு இராப்பகல் வேலை. எங்கே பார்த்தாலும் வீட்டின்மேல் மரம், கம்பியின்மேல் மரம். கருங்கல் பக்கத்தில் ஒரு பலா, பாதி சாய்ந்து கூரைமேல் தலை வைத்திருந்தது. நான் கவட்டில் நின்றேன். இடக்கையால் கொப்பைப் பிடித்திருந்தேன், வலக்கையில் மட்டும் வாள். தரையில் நின்று இரு கையால் பிடிக்கச் செய்த, பின்பிடி வாள். இலைக்குப் பின்னால் இன்னொரு கொப்பு இருந்தது எனக்குத் தெரியவில்லை. பார் முனையின் மேல்பாதி அதில் உரசியது. வாள் அறுக்கவில்லை, துள்ளியது. முன்பிடியில் இடக்கை இருந்திருந்தால் மணிக்கட்டு அதன் முன்னால் இருக்கும் தடுப்பில் இடித்து, செயினை நிறுத்தும் பிரேக் விழுந்திருக்கும். என் இடக்கை கொப்பில் இருந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு நரம்பு போயிற்று. இன்றும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. சோற்றை அள்ளினால் அந்த இடுக்கு வழியாகத்தான் பருக்கை கொட்டும், இடக்கைக்காரன் நான்.

தம்பி, முதல் இரண்டு ஆண்டுக்கு மேலே கைவாள் மட்டும் கொண்டுபோ. செயின்சா தரையில் நிற்கட்டும்.

அயனிமூடு:
உன் கைக்காக வருந்துகிறேன் மக்களே. ஆனால் ஒரு பெரிய அயனியைக் கைவாளால் கழித்தால் மூன்று நாள் ஆகும். வீட்டுக்காரர் ஒரு நாள் கூலிதான் தருவார். அடுத்த முறை மெஷினோடு ஏறுகிறவனைக் கூப்பிடுவார். அறிவுரை வயிற்றை நிரப்பாது.

தளைநார்:
நிரப்பாது. அதனால்தான் மெஷினோடு ஏறவே கூடாது என்று சொல்லவில்லை அண்ணே. ஏறினால் இடுப்பில் பெல்ட்டும், மரத்தைச் சுற்றி இரண்டு இடத்தில் கட்டும் வேண்டும். கட்டு தாங்கினால்தான் இரண்டு கையும் வாளுக்குக் கிடைக்கும். ஒன்று எஃகுக் கம்பி உள்ளே ஓடுகிற கயிறாக இருக்கட்டும். வெறும் நைலானைச் செயின் தொட்டால் அவ்வளவுதான். நம் ஆட்கள் பனை ஏறும் பழக்கத்தில் காலில் தளை போட்டால் போதும் என்று நினைக்கிறோம். பனையில் செயின்சா இல்லை. இதையெல்லாம் வாங்கிய பிறகு அவனிடம் எத்தனை ஆயிரம் மிஞ்சுகிறதோ, அதில் வாள் வாங்கட்டும். பட்டறைக்காரர் சொல்லும் வாளா, நீங்கள் சொல்லும் வாளா என்பது அப்புறம்.

பட்டறை:
இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. காதடைப்பானையும் சேர்த்துக்கொள். இருபது ஆண்டு எஞ்சின் சத்தம் கேட்டு, என் வீட்டில் என்னிடம் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்கிறார்கள்.

திற்பரப்பான்:
எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் மார்த்தாண்டம் போனேன். பெல்ட், கம்பிக்கயிறு, தலைக்கவசம், ஒரு நல்ல கைவாள், இறக்குவதற்குப் புது வடம். மிச்சத்தில் எம்.எஸ். 180 வாங்கப் பணம் கொஞ்சம் குறைந்தது. மூப்பர் தன் பழைய வாளை உதிரிப் பாகத்துக்கு விற்று அதை நிரப்பினார். சனிக்கிழமை அருமனையில் ஒரு புளி. மின்கம்பி அதன் கொப்புக்குள்ளேயே போகிறது. லைனை நிறுத்தித் தருவதாக மின்வாரியத்தில் சொல்லியிருக்கிறார்கள். மேலே கைவாள், கீழே மெஷின்.

அயனிமூடு:
அரத்தை மறந்துவிட்டாய். உன் செயினுக்கு 4 மி.மீ. வட்ட அரம். கடைக்காரன் அந்த 58 சி.சி.க்கு வைத்திருக்கும் 4.8ஐத் தலையில் கட்டிவிடுவான், பார்த்து வாங்கு. சனிக்கிழமை நானும் வருகிறேன், என் எட்டாயிரம் ரூபாய் வாளோடு. புளியின் மூட்டை நான் அறுக்கிறேன்.