மோட்டார் பூட்டிய சைக்கிளில் பெற்றோல் மட்டத்தை அறியும் வழி

கேள்வி:
நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு மோட்டார் பூட்டிய சைக்கிளில் நாள்தோறும் வந்துபோகிறேன். தாங்கியில் அளவுமானி இல்லாததால், சென்ற வாரம் உப்புவெளியில் பெற்றோல் தீர்ந்து, உச்சி வெயிலில் வண்டியை உருட்ட நேர்ந்தது. மூடியைத் திறக்காமல் மட்டத்தைப் பார்க்க வழியுண்டா?

பதில் 1:
தம்பி, பெற்றோலைத் திறந்து மூடும் திருகுக்கும், பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் காபரேற்றருக்கும் இடையில் மூவழி இணைப்பொன்றைப் பூட்டி, அதிலிருந்து ஒளிபுகும் குழாயைத் தாங்கியின் பக்கமாக மேலே கொண்டுசென்று, அதன் மறுமுனையைத் தாங்கியின் மேற்புறத்தில் இணைத்துவிடுங்கள். திருகு திறந்திருக்கையில் தாங்கியிலும் குழாயிலும் ஒரே மட்டம் நிற்கும். மேல்முனையை அடைத்தால் உள்ளே காற்றுச் சிக்கிப் பொய்யளவு காட்டும். சைக்கிளை நிமிர்த்தி, சமதரையில் நிறுத்திப் பாருங்கள்.

பதில் 2:
அண்ணா சொல்வது சரி. ஆனால் மீன்தொட்டிக் குழாயை மாட்டிவிடாதீர்கள். பெற்றோல் பட்டால் அது விறைத்து வெடிப்பு விழும், கசிவு சூடான இயந்திரத்தில் விழும். பெற்றோலுக்கென்றே விற்கும் குழாயை வாங்குங்கள்.

பதில் 3:
நான் மூடியைத் திறந்தே பார்க்கிறேன். வெறும் தாங்கியில் 250 மில்லிலீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மூங்கில் குச்சியை நனைத்துக் கத்தியால் கோடு கீறினேன். தாங்கி வளைவானது என்பதால் கோடுகள் சம இடைவெளியில் அமையவில்லை. அளவுகோலால் கீறியிருந்தால் ஏமாந்திருப்பேன்.