மறுமொழி: பிரான்சில் என்ன பார்க்கலாம்? – ஷம்போனுக்குப் போகும் சின்ன ரெயில்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன கிழமை ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஒருவர், ஓகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு பிரான்ஸ் வருவதாகவும், ஐஃபெல் கோபுரமும் லூர்து மாதா கோயிலும் தவிர வேறு என்ன பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தார். பாரிஸில் இருப்பவர்கள் நல்ல பதில்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் இருபத்திரண்டு வருடமாக சென்-எத்தியென் பக்கம் இருக்கிறேன். என்னைக் கேட்டால், இங்கே மலைக்கு மேல் ஓடும் ஒரு சின்ன ரெயிலைத்தான் காட்டுவேன். அதன் கதை தெரியாமல் ஏறினால் அது வெறும் சுற்றுலா வண்டி. அதனால் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த ரெயிலுக்கு விவாரே பாதை என்று பெயர். ரோன் நதிக்கு மேற்கே ஆர்தேஷ், ஓத்-லுவார் என்று இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. ஆற்றங்கரையில் தொடங்கும் நிலம் மேற்கே போகப் போக உயர்ந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் போய்விடும். இடையில் ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்குகள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்தவர்களுக்குக் குதிரை வண்டிதான் கதி. பனிக்காலத்தில் மேட்டுநிலத்தில் ‘பூர்ல்’ என்று ஒரு வாடைக்காற்று அடிக்கும். அது பனியை அள்ளி வந்து வழியெல்லாம் குவித்துவிடும். அந்த நாட்களில் வண்டியும் இல்லை.

1879இல் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃப்ரெய்சினே என்பவர், நாட்டின் மூலை முடுக்குகளுக்கும் ரெயில் போகவேண்டும் என்று ஒரு பெரிய திட்டத்தைச் சட்டமாக்கினார். பெரிய கம்பனிகள் லாபம் வராது என்று ஒதுக்கிய இடங்களுக்குப் பாதை போட அரசே முன்வந்தது. அடுத்த வருடம் வந்த இன்னொரு சட்டம் சிறிய உள்ளூர்ப் பாதைகளுக்கும் உதவிப் பணம் கிடைக்க வழி செய்தது. அதன் பிறகு பிரான்ஸ் முழுக்கச் சின்னப் பாதைகள் முளைத்தன. 1920களில் அவற்றின் நீளம் எல்லாம் கூட்டினால் 20,000 கிலோமீற்றர் அளவுக்கு வந்தது. சனம் அந்த வண்டிகளை ‘தக்கோ’ என்று கூப்பிட்டது. ஓட்டை வண்டி என்று சொல்வதுபோல, ஆனால் பாசத்தோடு.

விவாரே பாதைகளில் ஓடியது மீற்றர் கேஜ். அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் ஒரே ஒரு மீற்றர். எங்கள் யாழ்ப்பாணப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர், பிரான்சின் பெரிய பாதை 1435. அகலம் குறைந்தால் வளைவை இறுக்கமாகப் போடலாம். ஆறு வளைகிற இடத்தில் பாதையும் கூடவே வளையும். மலையைக் குடைகிற செலவும், பள்ளத்துக்குப் பாலம் கட்டுகிற செலவும் குறையும். அதனால்தான் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் ரெயில் நுழையவே முடிந்தது.

1890இல் முதற் துண்டு திறக்கப்பட்டது. 1891இல் ரோன் கரையில் இருக்கும் துர்னோனிலிருந்து தூ ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக லமாஸ்த்ர் வரை 33 கிலோமீற்றர் பாதை வந்தது. தெற்கே லா வூல்ட்டிலிருந்து எரியூ ஆற்றோடு லு ஷெய்லார் வரை இன்னொன்று. இரண்டும் மலையடியில் நின்றுவிட்டன. மேட்டுநிலத்தில் ஏறி எல்லாத் துண்டுகளையும் இணைப்பதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1902இல்தான் ரெயில் லு ஷம்போன்-சூர்-லினியோன் என்ற ஊருக்கும் அதைத் தாண்டி சென்-தக்ரேவ்வுக்கும் போனது. 1903இல் வலை முழுதானது, கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர்.

ஏற்றத்துக்குச் சாதாரண எஞ்சின் காணாது. அனத்தோல் மாலே என்ற பொறியியலாளர் 1880களில் கண்டுபிடித்த வகை எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். இதை அருகே நின்று பார்த்தபோது எனக்குப் பெரிய வியப்பு. ஒரே கொதிகலனுக்குக் கீழே இரண்டு சோடிக் கால்கள்போல இரண்டு சக்கரத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஆறு சக்கரம். பின் தொகுதி அசையாது. முன் தொகுதி தனியாகத் திரும்பும், அதனால் நீண்ட எஞ்சின் இறுக்கமான வளைவிலும் உரசாமல் போகும். நீராவி முதலில் பின் தொகுதியின் உருளைகளைத் தள்ளும். அங்கே பாதிச் சக்தி போன பிறகும் வீணாகாமல் முன் தொகுதியின் பெரிய உருளைகளுக்குப் போய் இன்னொருமுறை வேலை செய்யும். ஒரே நிலக்கரிக்கு இரண்டு வேலை. சுவிற்சர்லாந்தின் வின்ரர்தூரில் 1902, 1903இல் செய்தவையும் அல்சாஸில் 1932இல் செய்தவையும் இன்றும் லமாஸ்த்ர் பாதையில் இருக்கின்றன. நூறு வயது தாண்டிய எஞ்சின் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் சத்தத்தைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்கவேண்டும்.

அந்தக் காலத்தில் ஆட்களும் சாமான்களும் ஒரே வண்டியில்தான் போனார்கள். மேட்டுநிலத்துப் பைன் மரங்கள் சென்-எத்தியென் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் முட்டுக் கொடுக்க இறங்கின. ஆர்தேஷின் செஸ்ட்நட், எரியூப் பள்ளத்தாக்கின் பீச் பழம், பட்டுநூல் முறுக்கும் ஆலைகளின் சரக்கு எல்லாம் இந்த வண்டியில் போனவை. ஒவ்வொரு ஸ்ரேசனிலும் பெட்டியைக் கழற்றுவது, கோர்ப்பது. அவசரக்காரனுக்கு ஏற்ற வண்டி இல்லை.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன்.

ஷம்போன் ஊரைப் பாருங்கள். 1902க்கு முன் அங்கே போவது பெரும் பாடு. சனத்தில் பெரும்பாலானோர் புரட்டஸ்தாந்துகள். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அவர்களது வழிபாட்டையே தடைசெய்தபோது காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து செபம் செய்தவர்களின் வழிவந்தவர்கள். ரெயில் வருவதற்கு முந்திய 1890களிலேயே லூயி கோந்த் என்ற போதகர், சென்-எத்தியென் தொழிலாளர் குடும்பங்களின் நலிந்த பிள்ளைகளை நல்ல காற்றுக்காகக் கோடையில் மேட்டுநிலத்துக் கமக்காரர் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். ரெயில் வந்த பிறகு அது பெருகியது. சென்-எத்தியெனில் பெரிய ரெயில், துனியேரில் இறங்கிச் சின்ன ரெயில், பின்னேரம் ஷம்போன். பிள்ளைகளுக்குப் பின்னால் விடுமுறைக் குடும்பங்கள் வந்தன. விருந்தினர் விடுதிகள் கட்டினார்கள். கமக்காரர் வீட்டுப் பெண்கள் வேற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்துப் பழகினார்கள். 1938இல் அந்திரே த்ரொக்மே, எதுவார் தெயிஸ் என்ற இரண்டு போதகர்கள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தையும் தொடங்கினார்கள்.

1940இல் பிரான்ஸ் ஹிட்லரின் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஒரு யூதப் பெண் பனிக்குள் வந்து த்ரொக்மே வீட்டுக் கதவைத் தட்டினார். போதகரின் மனைவி மக்டா, வேறு கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளே வரச் சொன்னார். அதற்குப் பிறகு வரத்து நிற்கவில்லை. தெற்கே கூர்ஸ், ரிவ்சால்த் முகாம்களில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளை உதவி அமைப்புகள் வெளியே எடுத்துக் கொண்டுவந்தன. சுவிஸ் உதவி அமைப்பு 1941இல் ‘லா கெஸ்ப்பி’ என்ற வீட்டைப் பிள்ளைகளுக்காகத் திறந்தது, தொடர்ந்து இன்னும் சில வீடுகள். கோடை விடுதிகள் எல்லாம் அகதிகளுக்கான இடங்களாயின. கட்டில் இருந்தது, பெரிய சமையலறை இருந்தது, வேற்றாள் ஊருக்குள் நடந்தால் திரும்பிப் பார்க்காத பழக்கமும் இருந்தது. இவை எல்லாம் அந்த மீற்றர் பாதை நாற்பது வருடமாகக் கொண்டுவந்து சேர்த்தவை.

வந்தவர்களிலும் கனபேர் அதே வண்டியில்தான் வந்து அதே ஸ்ரேசனில் இறங்கினார்கள். போலிப் பத்திரங்கள் தயாரித்துக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். சிலரை இரவோடு இரவாக சுவிஸ் எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1942 ஓகஸ்ட் கடைசியில் பொலிஸ் பஸ்களோடு ஊருக்கு வந்து நாட்கணக்கில் தேடியது. பிள்ளைகள் காட்டுக்குள்ளும் தூரத்துக் கமங்களிலும் இருந்தார்கள், ஊர் வாய் திறக்கவில்லை. எல்லாம் நன்றாக முடிந்தது என்றும் இல்லை. 1943 ஜூனில் ஒரு மாணவர் விடுதியைச் சுற்றிவளைத்து மாணவர்களைக் கொண்டுபோனார்கள். விடுதிக்குப் பொறுப்பாக இருந்த தனியேல் த்ரொக்மே, போதகரின் உறவினர், தன் மாணவர்களோடு தானும் போனார். 1944இல் மய்தானெக் என்ற நாசி முகாமில் இறந்தார். ஆனாலும் அந்த மேட்டுநிலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. 1990இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் தனி ஆட்களை மட்டும் இல்லாமல் இந்த ஊரையும் அயல் ஊர்களையும் சேர்த்துக் கௌரவித்தது.

எழுத்தாளர் அல்பேர் கம்யுவும் அந்த நாட்களில் பக்கத்திலே லு பனெலியே என்ற இடத்தில் தங்கியிருந்தார். காசநோய்ச் சிகிச்சைக்காக சென்-எத்தியெனுக்குப் போய்வருவார். 1942 நவம்பரில் ஜெர்மன் படை தெற்கையும் பிடித்தபோது, அல்ஜீரியாவில் இருந்த மனைவியிடம் திரும்பிப் போக முடியாமல் அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

சண்டை முடிந்த பிறகு லொறியும் பஸ்ஸும் கூடின. ரெயில் கம்பனிக்கு முன்பிருந்தே நட்டம்தான். 1930களில் பில்லார் என்ற தொழிற்சாலை செய்த டீசல் ரெயில்-கார்களை விட்டுச் செலவைக் குறைத்திருந்தார்கள், அதனால்தான் பிரான்சின் மற்றச் சின்னப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடியபோதும் இது நீடித்தது. 1952இல் லுவார் ஆற்றங்கரைக்குப் போன கிளை மூடப்பட்டது. 1968 ஒக்ரோபர் 31ஆம் திகதி மிச்சமும் நின்றது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்து மூடியவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஷம்போன் விடுதிகளின் கட்டில்களுக்கு ஒரு வரியும் இருந்திருக்காது.

தண்டவாளம் கழற்றப்படும் முன், லியோன் பக்கத்து ரெயில் ஆர்வலர்கள் சிலர் காசு சேர்த்து துர்னோன்–லமாஸ்த்ர் துண்டை வாங்கி, 1969இலேயே ஓடவிட்டார்கள். அதை இங்கே ‘மஸ்த்ரூ’ என்பார்கள். துர்னோனிலிருந்து முதல் இரண்டு கிலோமீற்றருக்குப் பெரிய பாதைக்குள்ளேயே சின்னப் பாதையின் தண்டவாளமும் பதித்திருந்தார்கள், ரெயில் பைத்தியங்களுக்கு அது ஒரு பெரிய காட்சி. 2008இல் பாதையும் எஞ்சின்களும் நைந்து, காசும் இல்லாமல் நின்றுபோனது. 2013இல் துர்னோனுக்குச் சற்று வடக்கே புது ஸ்ரேசன் கட்டித் திரும்ப ஓடத் தொடங்கியது. மேட்டுநிலத் துண்டு ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். இப்போது ‘வெலே எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் தொண்டர்கள் நடத்துகிறார்கள். ரௌக்கூலிலிருந்து தான்ஸ், ஷம்போன் வழியாக சென்-தக்ரேவ் வரை. எரியூப் பள்ளத்தாக்கில் தண்டவாளம் இருந்த இடம் சைக்கிள் பாதையாகிவிட்டது. அங்கே பழைய சுரங்கத்துக்குள்ளும் பாலத்துக்கு மேலும் சைக்கிளில் போகலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஷம்போனுக்குக் கூட்டிப்போனேன். 1990இல் யாழ்தேவி ரெயில் நின்ற பிறகு, 2014இல் திரும்ப வரும்வரைக்கும் பற்றை மூடிய தண்டவாளத்தைத் தாண்டித்தான் அம்மா தினமும் சந்தைக்குப் போய்வந்தவ. ஸ்ரேசன் மேடையில் இறங்கி நின்று, பிள்ளைகள் வந்த கதையை நான் சொல்லி முடித்ததும் கேட்டா: “தாய் தேப்பன் இல்லாமல் வந்த குஞ்சுகளை இந்த மேடையில ஆர் வந்து கையைப் பிடிச்சது?” நான் போதகர்களின் பெயர்களைச் சொன்னேன். “அவையள் சரி, சோறு போட்ட பொம்பிளையளின்ர பேர் என்ன?” என்றா. மக்டாவின் பெயரைச் சொன்னேன். மற்றவர்களைத் தேடி, 2013இல் அந்த ஊரில் திறந்த நினைவிடத்துக்குள் ஒவ்வொரு படமாக நின்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெளியே வர மாலையாகிவிட்டது, திரும்பும் ரெயிலையும் விட்டுவிட்டோம்.

ஆகவே தம்பி, இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் மஸ்த்ரூ. அது எஞ்சினுக்காகவும் தூ ஆற்றின் மலையிடுக்குக்காகவும். மற்ற நாள் வெலே எக்ஸ்பிரஸ். ஷம்போனில் இறங்கி நினைவிடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். கோடையிலும் எல்லா நாளும் ஓடாது, ரிக்கற் எடுக்கும் முன் நேர அட்டவணையைப் பாருங்கள். மேலே ஓகஸ்டிலும் பின்னேரம் குளிரும், பிள்ளைகளுக்கு ஒரு சுவெற்றர் வையுங்கள். பாரிஸிலிருந்து சென்-எத்தியெனுக்கு வந்துவிட்டால் மிச்சத்தை நான் பார்க்கிறேன். என் காரில் ஏழு பேருக்கு இடம் இருக்கிறது. வேறு யாரும் அந்த நாட்களில் வருவதென்றால் ஜூலை நடுப்பகுதிக்குள் குழுவுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
சென்-எத்தியென் அண்ணை