புதுப்பிப்பு: முதுகுப் பம்பால் வரும் அடிமுதுகு வலி, தீர்ந்தது எப்படி

மலேசியாவின் கோலா லங்காட்டில் பீட் நிலத் (மக்கிய செடிகொடிகளால் ஆன சதுப்பு மண்) தீயை அணைக்க 20 லிட்டர் முதுகுப் பம்பு (முதுகில் மாட்டித் தண்ணீர் பீய்ச்சும் தொட்டி) சுமக்கும் நம் பையன்களுக்கு ஓயாத அடிமுதுகு வலி, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது பினாங்கு அண்ணன் சொன்ன இடுப்புப் பெல்ட்தான். தண்ணீர் மட்டுமே 20 கிலோ. பெல்ட் இல்லாவிட்டால் அத்தனையும் தோளில் தொங்கி, குனிந்து பீய்ச்சும்போது அடிமுதுகை இழுக்கும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் பெல்ட்டை உட்காரவைத்து முதலில் அதை இறுக்குங்கள், பிறகுதான் தோள்வார். வயிற்றில் கட்டினால் மூச்சு முட்டும், பாரமும் இறங்காது.

எதிர்பாராதது: முதுகு தேறியதும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பொதபொத மண்ணில் பூட்ஸ் புதைந்து புதைந்து வருவது அது.

ஐபுப்ரோஃபென் (வலி மாத்திரை) போடலாம் என்று பதிலில் வந்த யோசனையை விட்டுவிட்டோம், சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம். வியர்த்து வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.