வலிக்குக் கேட்டதும் கேட்காததும்

தண்டையார்பேட்டையிலிருந்து

22 வருடமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டியும் பாவாடையும் தைத்துக் கொடுக்கிற வேலை. தீபாவளிக்கு முந்தைய மாதம் என்றால் இரவு பன்னிரண்டு வரை மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். கழுத்து வலி, தோள்பட்டை வலி பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்குக் கேட்டதை முதலில் சொல்கிறேன். கல்லுப்பு ஒத்தடம். இரண்டு கைப்பிடி கல்லுப்பை இரும்பு வாணலியில் படபடவென்று வெடிக்கும் வரை வறுப்பேன். நொச்சி இலை கிடைத்தால் அதையும் கூடப் போட்டு வதக்குவேன். பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, முழங்கையின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அப்புறம்தான் கழுத்துக்கு. பத்து நிமிடத்தில் இறுகிக் கிடந்த சதை இளகுவது கைக்கே தெரியும். படுக்கப் போகும் முன் பர்மா பஜாரில் வாங்கிய கோடாலித் தைலம் இரண்டு சொட்டு. வாரம் ஒரு நாள் முடக்கத்தான் தோசை, அம்மா காலத்துப் பழக்கம். அதனால்தான் என் முட்டி வலி குறைந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் விட மனம் வரவில்லை.

இனி கேட்காதது. போன மார்கழியில் நடந்தது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை பார்த்தவர். எங்கேயாவது ஒரு பிடிப்பு எப்போதும் இருக்கும். அன்று இரவு பதினொரு மணிக்கு நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் கனக்கிறது என்றார். மதியம் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தார். வாய்வுதான் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன், பக்கத்து வீட்டு அத்தையும் வந்து பார்த்து அதையே சொன்னார்கள். பூண்டைச் சுட்டுக் கொடுத்தேன். ஓமத் தண்ணீர், மோரில் பெருங்காயம் எல்லாம் கொடுத்தேன். முதுகிலும் நெஞ்சிலும் தைலம் தேய்த்து உப்பு ஒத்தடமும் வைத்தேன். இரண்டு ஏப்பம் வந்தது. சரியாகிவிட்டது என்று விளக்கை அணைத்துவிட்டோம்.

இரண்டு மணிக்குப் பாய் நனைகிற அளவுக்கு வேர்த்திருந்தது. மார்கழிக் குளிரில் அப்படி வேர்ப்பானேன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். தைலத்தின் சூடு என்று நினைத்தேன். நாலு மணிக்கு வாந்தி எடுத்தார், முகம் சாம்பல் பூத்துவிட்டது. அப்போதுதான் 108க்குப் போன் செய்தோம்.

ஈசிஜி எடுத்ததுமே மாரடைப்பு என்றார்கள். வாயில் ஆஸ்பிரின் மாத்திரையைப் போட்டு மென்று விழுங்கச் சொன்னார்கள். டாக்டரம்மா அவர் சட்டையில் அடித்த தைல வாசனையைக் கவனித்துவிட்டு, "எவ்வளவு நேரமாக வலி?" என்று என்னிடம் கேட்டார். ஐந்து மணி நேரம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதிச் சதை செத்துவிட்டது, அது திரும்ப வராது என்றார்கள். இப்போது ஒரு மாடி ஏறினால் பாதியில் நின்றுதான் ஏறுகிறார். பூண்டையும் தைலத்தையும் நான் குறை சொல்லவில்லை. வலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே அதற்கு வாய்வு என்று பெயர் வைத்தது நான்தான். உங்கள் வீட்டில் எது கேட்டது, எது கேட்கவில்லை, ஒளிக்காமல் எழுதுங்கள்.

காசிமேட்டிலிருந்து

அக்கா, படித்துவிட்டு என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் போட்டில் வழுக்கி விழாதவர்கள் இல்லை. விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது புத்தூர் கட்டுதான். ஆந்திராவிலிருக்கும் புத்தூரிலிருந்து வந்த வைத்தியம். மூங்கில் பத்தையும் துணியும் பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டுவார்கள். எனக்குக் கணுக்கால் சுளுக்கியபோது பக்கத்துத் தெரு பாட்டி நல்லெண்ணெய் போட்டு வழித்துவிட்டார்கள், மூன்று நாளில் கடலுக்குப் போனேன். அதை மறக்க மாட்டேன்.

என் தம்பிக்கு நடந்தது வேறு. ஐஸ் பெட்டி விழுந்து முன்கை வீங்கியது. எக்ஸ்ரே எடுக்காமலே கட்டு போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ராத்திரி விரல்கள் மரத்துப் போய் நீலம் பாரித்தன. வலி தாங்காமல் அழுதான். கட்டு போட்டவருக்குப் போன் செய்தால், மருந்து இறங்குகிறது, பொறுத்துக்கொள் என்றார். என் அம்மா பொறுக்கவில்லை, மீன் வெட்டுகிற கத்தரிக்கோலால் கட்டைப் பிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியில், உள்ளே வீக்கம் ஏற ஏற ரத்த ஓட்டம் நின்றுவிடும், இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் கையே போயிருக்கும் என்றார்கள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக் கட்டு போட்டாலும் இதே ஆபத்து உண்டு, விரல் நிறம் மாறினால் நேரம் காலம் பார்க்காமல் வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்கள்.

வியாசர்பாடியிலிருந்து

நான் பிசியோதெரபிஸ்ட். பாட்டி பர்மாவிலிருந்து வந்தவர், எங்கள் வீட்டில் தைலம் இல்லாத அலமாரி கிடையாது. அதனால் நாட்டு வைத்தியத்தை மட்டம் தட்ட எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தைலத்தில் இருக்கும் மென்தால், குளிர்ச்சியை உணர்கிற நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது. வலி அந்த நேரத்துக்கு மங்கும். மிளகாயின் காரமும் நரம்பின் வழியாகத்தான் வேலை செய்கிறது. அந்தக் காரத்தை நரம்பு எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசே கிடைத்தது. அக்கா வீட்டுக்காரருக்குக் கொடுத்த ஆஸ்பிரினுக்கும் வில்லோ மரப்பட்டைதான் பூர்வீகம்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இரண்டு விஷயம்.

சர்க்கரை உள்ளவர்கள் காலில் ஒத்தடம் வைக்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு தெரியாது. கொப்புளம் வந்து புண்ணாகி, கடைசியில் விரலை எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கால் எரிகிறது என்று சுடச்சுட உப்பு மூட்டை வைத்துக்கொண்ட ஒரு பெரியவர், மறுநாள் மகள் சொல்லித்தான் காலைக் குனிந்து பார்த்தார்.

அடுத்தது, பெயரும் இல்லாமல் லேபிளும் இல்லாமல் பொட்டலமாகத் தருகிற மூட்டுவலிச் சூரணம், மாத்திரை. மூலிகை என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்தவை பிடிபட்டிருக்கின்றன. இரண்டு நாளில் ஓடலாம் போல இருக்கும். மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். இதைப் படித்துப் பயந்து திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் உயிருக்கு ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், இதைத்தான் சாப்பிட்டேன் என்று காட்டுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, படித்த மருத்துவர் நாடி பார்த்து சீட்டு எழுதித் தருவார்.

இன்னொன்று, கைக்குழந்தைக்குச் சளி என்று கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கிலும் நெஞ்சிலும் தடவாதீர்கள். கற்பூரம் உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

ராயபுரத்திலிருந்து

எனக்குப் பல் வலிக்குக் கிராம்பு எண்ணெய் கேட்டது. பூக்கடைப் பக்கம் ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். பஞ்சில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். வலி நின்றதும் பல் டாக்டரைத் தள்ளிப் போட்டேன், மூன்று வாரத்தில் கன்னம் வீங்கி வேர் வரை சீழ். தண்டையார்பேட்டை அக்கா, உங்கள் வீட்டுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்? முடக்கத்தான் தோசைக்கு அளவு சொல்ல முடியுமா? என் மாமியார் கேட்கிறார்.

தண்டையார்பேட்டையிலிருந்து

நன்றாக இருக்கிறார் தம்பி. காலையில் மெதுவாக நடந்து போய் மணிக்கூண்டுப் பக்கம் டீ குடித்துவிட்டு வருகிறார். மாத்திரையை வேளை தவறாமல் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். இப்போது தோளில் சாதாரணப் பிடிப்பு என்றாலும் நான் உடனே உப்பை வறுப்பதில்லை. நெஞ்சு கனக்கிறதா, தாடை வலிக்கிறதா, வேர்க்கிறதா என்று கேட்பேன். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் 108தான். இதுவரை ஒரு தடவை வீணாகப் போய் வந்தோம். நர்ஸம்மா, "வீணாக வந்ததே நல்லது" என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

தோசைக்கு இட்லி அரிசி இரண்டு டம்ளர், உளுந்து கால் டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன், நாலு மணி நேரம் ஊற வையுங்கள். முடக்கத்தான் இலை இரண்டு கைப்பிடி, தண்டும் முற்றிய காம்பும் வேண்டாம். இலையைக் கூடவே போட்டு அரைத்து, உப்புப் போட்டு ராத்திரி புளிக்க விட்டால் கசப்பு தெரியாது. முதல் தடவை சிலருக்கு வயிறு இளகும், மாமியாருக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். கல்லில் நல்லெண்ணெய் விட்டு மெல்லிசாக வார்த்து, இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். தொட்டுக்கொள்ள எங்கள் வீட்டில் பூண்டுச் சட்னிதான்.