ஹாலில் பெட்டி தெரியக் கூடாது, பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

வணக்கம். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. ஹால் 11க்கு 15 அடி. தரை முழுக்க டைல்ஸ், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், நடுவில் அப்பாவின் ஊஞ்சல். பாட்டுக்கு ஒரு நல்ல செட் வாங்கலாம் என்றபோது என் மனைவி இரண்டே விஷயம் சொன்னாள். சுவரில் வயர் தொங்கக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கருப்புப் பெட்டியாக இருக்கக் கூடாது. இரண்டும் நியாயம்தான். இந்த ஹாலில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு டவர் ஸ்பீக்கரை நிறுத்தினால் ஊஞ்சல் ஆட இடமிருக்காது.

அப்பாவுக்கு 81 வயது. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊரான கோட்டாயி எங்கள் பாலக்காடு ஜில்லாதான். கல்பாத்தித் தேர்ச் சமயத்துக் கச்சேரிகளை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டே பழகியவர் அப்பா. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக் இல்லாமல் வாசிப்பதைத்தான் விரும்பினார் என்பதைப் பெருமையாகச் சொல்வார். அவரிடம் பாஸ், ட்ரெபிள் என்று பேசிப் பயனில்லை. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் அழுத்தி வாசிக்கும் கும்கி கும்கியாகக் கேட்கிறதா, அவ்வளவுதான் கேள்வி.

நான் டிவிக்கு அடியில் வைக்கும் நீளப் பெட்டியான சவுண்ட்பாரும், பாஸுக்கென்றே தனிப் பெட்டியான வயர்லெஸ் சப்வூஃபரும் வாங்கினேன். டிவிக்குக் கீழே ஆசாரி ஒரு மாடம் செய்து, முன்னால் துளைத் துளையான ஜாலி வைத்த கதவு போட்டுக் கொடுத்தார். பார் வெளியே தெரியாதபடி 10 அங்குலம் உள்ளே தள்ளி வைத்தோம். பார்க்க அவ்வளவு அழகு. பாட்டைப் போட்டதும் அப்பா, "என்னடா, பானைக்குள்ள உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கு" என்றார். கடையில் கேட்டபோது அப்படி இல்லையே என்று ஒரு மாதம் ரிமோட்டோடு மல்லுக்கட்டினேன். எல்லா மோடும் போட்டுப் பார்த்தாயிற்று. பானை பானையாகவே இருந்தது.

ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பாரை மாடத்திலிருந்து உருவி, சமையலறையில் கிடந்த முக்காலியை மாடத்தின் முன்னால் போட்டு அதன்மேல் வைத்தேன். அதே தனி ஆவர்த்தனம். கொஞ்ச நேரத்தில் ஊஞ்சலின் கிறீச் நின்றது. அப்பா காலைத் தரையில் ஊன்றி நிறுத்தியிருந்தார். "இப்ப வலந்தலை தனியா, தொப்பி தனியா கேக்குது" என்றார். பெட்டி அதே பெட்டி. நகர்ந்தது ஓர் அடி.

மறைப்பதும் மூடுவதும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். மாடத்துக்குள் ஒலி பக்கச் சுவரிலும் மேல்பலகையிலும் மோதி, அந்தக் குழி தன் சொந்தக் குரலையும் சேர்த்துத்தான் வெளியே அனுப்புகிறது. பாரின் ஓரங்களிலிருந்து பக்கவாட்டில் போக வேண்டிய ஒலிக்கு வழியே இல்லை. இப்போது முக்காலி ஹாலில் நிற்கிறது. அது நிரந்தரம் இல்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதே பாரை வைத்துச் சமாளிப்பதா, சின்னதாக இரண்டு ஸ்பீக்கருக்கு மாறுவதா? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.

செங்கோட்டையிலிருந்து

அண்ணாச்சி, மாடத்துக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் எனக்கு முதலில் பாடம் சொன்னது சாரல். ஜூனில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரைக்கும் இங்கே கொடியில் போட்ட துணி காயாது. அந்த ஈரம் வீட்டுக்குள்ளும் இருக்கும். 1990களில் வாங்கிய பழைய செட் ஒன்று பர்ரென்று இரைந்தது. வலையைக் கழற்றிப் பார்த்தேன். கூம்பைச் சுற்றியிருக்கும் நுரை விளிம்பு பழைய பஞ்சு மெத்தை மாதிரி ஆகியிருந்தது. விரல் பட்டதும் பிசுபிசுவென்று உதிர்ந்து கையில் ஒட்டிக்கொண்டது. அதனால் இந்தத் தடவை ரப்பர் விளிம்பா என்று பார்த்துத்தான் வாங்கினேன். உங்கள் ஊர் எங்கள் அளவுக்கு ஈரம் இல்லைதான், இருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

நான் இரண்டு சின்ன ஸ்பீக்கர் கட்சி. ஒவ்வொன்றும் 4 அங்குலக் கூம்பு. ஆம்ப்ளிஃபயர் டிபன் பாக்ஸ் அளவுதான், டிவிக்குப் பின்னால் போய்விட்டது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வயரிங்காரரை வைத்துச் சுவருக்குள் பைப் இறக்கி ஸ்பீக்கர் வயரைக் கொண்டுபோனதால் ஒரு நூல்கூட வெளியே தெரியாது. புத்தக அலமாரியில்தான் இரண்டையும் வைத்திருக்கிறேன். ஆனால் முகம் அலமாரி விளிம்போடு ஒட்டி நிற்கும், ஓர் அங்குலம்கூட உள்ளே போகாது. பின்பக்கம் காற்றுத் துளை உள்ள பெட்டியை இப்படிச் சுவரோடு ஒட்டி வைத்தால் பாஸ் குழம்பும். முன்பக்கம் துளை உள்ளதாகவோ, துளையே இல்லாததாகவோ கேளுங்கள். உச்ச ஒலிகளைத் தரும் சின்னக் கூம்பான ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு வர வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் உங்களுக்கும் அவற்றுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் பாடகர் நடுவில் உட்கார்ந்து பாடுவது போலவே இருக்கும். ஊஞ்சலிலிருந்து அளந்து பாருங்கள்.

சின்னப் பெட்டி என்றால் மட்டம் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைப்பதற்காக எல்எஸ் 3/5ஏ என்று ஒரு ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ. மனிதக் குரல் குரலாகக் கேட்கிறதா என்று அந்த வண்டிக்குள் உட்கார்ந்து சரிபார்க்கத்தான் அது. இன்றைக்கும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடி ஆழத்து பாஸ் மட்டும் சின்னக் கூம்பில் வராது. அதற்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும்.

இன்னொன்று. அட்டையில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டு, பக்கத்தில் பிஎம்பிஓ (கண நேர உச்சக் கணக்கு) என்று இருந்தால் அதை விட்டுவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) எவ்வளவு என்று கேளுங்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். உங்கள் ஹாலுக்கு உண்மையான 30 வாட்ஸ் தாராளம்.

ஆரியங்காவிலிருந்து

செட் எதுவாக இருந்தாலும் துலாவர்ஷ இடியை மறந்துவிடாதீர்கள். ஐப்பசியில் மத்தியானம் தாண்டினால் மலை மேல் கருக்கும். போன தடவை கரண்ட் பிளக்கை மட்டும் உருவிவிட்டு நிம்மதியாக இருந்தேன். டிஷ் கேபிள் மாட்டியபடியே இருந்தது. அது வழியாக வந்து டிவியின் எச்டிஎம்ஐயும் சவுண்ட்பாரும் சேர்ந்தே போயின. வாரன்டி இருக்கிறதே என்று விற்ற கடைக்கு எடுத்துப் போனால், மின்னலுக்கு வாரன்டி கிடையாது என்று கார்டின் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மலை கருக்கும்போதே, இடி தொடங்கும் முன்பே டிஷ் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். அதனால்தான் சொல்கிறேன், பிளக் பாயின்ட்டை ஷோகேஸுக்குப் பின்னால் கை போகாத இடத்தில் வைக்காதீர்கள்.

நகரியிலிருந்து

அண்ணா, எங்கள் தேவை வேறு, ஆனாலும் உதவும் என்று எழுதுகிறேன். எங்கள் தெருவில் காலையிலிருந்து ராத்திரி வரை விசைத்தறி ஓடும். வீட்டின் முன்கட்டிலேயே நாலு தறி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அம்மா தமிழ் சீரியல் பார்க்க வேண்டும். வால்யூமைக் கூட்டிக் கூட்டி ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "ஏமண்டி, மீ டிவி மா இன்ட்லோ வினபடுதோந்தி" (உங்கள் டிவி எங்கள் வீட்டில் கேட்கிறது) என்று தெலுங்கில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிவிக்கு அடியில் நிற்கும் இரண்டடி பார் ஒன்று வாங்கினோம், சப்வூஃபர் வேண்டாம் என்று சொல்லியே. பாஸைக் குறைத்ததும்தான் அம்மாவுக்குப் பேச்சு புரிந்தது! வயதானால் முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, க எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கீழே பாஸ் தும்தும் என்று அடித்தால் மிச்சம் இருப்பதும் மூழ்கிவிடும். ரிமோட்டில் 'வாய்ஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தால் பெரியவர்களுக்கு அது போதும்.

புளூடூத்தில் இணைத்தபோது வாய் முதலில் அசைந்தது, வார்த்தை பின்னால் வந்தது. பத்தில் ஒரு பங்கு வினாடி பிந்தினாலும் கண் கண்டுபிடித்துவிடுகிறது. டிவியின் ஒலியைப் பாருக்கு அனுப்பும், எச்டிஎம்ஐ ஏஆர்சி என்று எழுதிய துளையில் கேபிளைப் போட்டதும் சரியாயிற்று. 2009க்கு அப்புறம் வந்த வசதி அது. டிவி ரிமோட்டிலேயே பார் வால்யூமும் கூடும், குறையும் என்பதால் அம்மா கையில் ஒரே ரிமோட்.

மறுபடியும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. நகரித் தங்கைக்குத் தனியாக, அப்பாவுக்கும் 'வாய்ஸ்' போட்டுப் பார்த்தேன். செய்திக்கு நன்று, மிருதங்கத்துக்கு ஆகவில்லை.

முடிவு எடுத்தாயிற்று. பார் மாடியில் பையன்கள் அறைக்குப் போய்விட்டது. ஹாலுக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர், ரப்பர் விளிம்புதான், முன்பக்கத் துளை. டிவியின் இரு பக்கமும் சுவரில் சின்னப் பலகை அடித்து ஏற்றினோம். மர நிறத்தில் கிடைத்ததால் மனைவிக்குச் சம்மதம். மாடத்தில் இப்போது சாமி புத்தகங்கள்.

கும்கிக்காக ஒரு சின்ன சப்வூஃபரும் சேர்த்தோம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது என்பதால், அதை எங்கே மறைத்தாலும் பாதகமில்லை. ஆனால் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் சேர்ந்து பெரிதாக்கிவிடும். ஒரு வழி படித்து அப்படியே செய்தோம். சப்வூஃபரை ஊஞ்சல் பலகை மேல், அப்பா உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, நான் சுவரோரமாகத் தவழ்ந்து எங்கே தொப்பி அளவாகக் கேட்கிறது என்று தேடினேன். ஜன்னல் மூலையில் இரைச்சல். வாசல் பக்கம் ஒன்றுமே இல்லை. திவானுக்குப் பின்னால், மூலையிலிருந்து மூன்றடி தள்ளி, சரியாக இருந்தது. அங்கேயே வைத்துவிட்டோம். திவான் மறைத்துக்கொள்கிறது, முன்னால் காற்றுக்கு அரை அடி இடம் விட்டிருக்கிறோம்.

அதன் பிறகும் ஒரு கும்கி விழும்போதெல்லாம் கிணிகிணியென்று ஏதோ கூடவே ஒலித்தது. ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். மனைவிதான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள், அம்மா காலத்துத் தூக்கு விளக்கின் சங்கிலி. மேலே கொக்கி மாட்டும் கண்ணியில் பட்டுத் துணி நூல் நாலு சுற்றுச் சுற்றியதும் அடங்கியது.

கைதட்டிப் பார்த்தால் ஹாலில் இன்னும் டிங் என்று ஒரு எதிரொலி நிற்கிறது. டைல்ஸும் கண்ணாடியும் செய்கிற வேலை. ஜன்னலுக்குக் கனமான திரை தைக்கக் கொடுத்திருக்கிறது, தரைக்குப் பவானி ஜமக்காளம் 6க்கு 9 அடியில் சொல்லியிருக்கிறேன். வந்ததும் ஊஞ்சலுக்கு முன்னால் விரித்து, அப்பாவை உட்காரவைத்துக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.